பாதிப் பத்தி படித்தவரின் முழுக் கட்டுரை

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினியும் கோடிங்கும் எதற்கு என்று கேட்கும் ஒரு கட்டுரை சில வாரங்களாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அதற்கு ஏகப்பட்ட கைதட்டல். எழுதியவர் கல்வித்துறையில் பழம் தின்று கொட்டை போட்டவராம். இருக்கட்டும். எதை எதிர்க்கிறோம் என்று பார்க்காமலே எதிர்ப்பதற்கு அனுபவம் உரிமம் தருவதில்லை.

அவர் முதலில் எடுப்பது ஒயிட்ஹேட் ஜூனியர் விவகாரம். ‘உல்ஃப் குப்தா’ என்று இல்லாத ஒரு சிறுவனை உருவாக்கி, கோடிங் படித்ததால் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறான் என்று பெற்றோர் காதில் பூச்சுற்றிய நிறுவனம் அது. 2020இல் விளம்பரத் தரக் கவுன்சில் தலையிட்டு அதன் விளம்பரங்கள் சிலவற்றைத் திரும்பப் பெறவைத்தது. எவ்வளவு திட்டினாலும் தகும். ஆனால் அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, ஆகவே அரசுப் பள்ளியில் இந்தப் பாடம் கூடாது என்கிறார். நீட் பயிற்சி மையங்கள் கொள்ளையடிக்கின்றன என்பதற்காக உயிரியலைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்கிவிடலாமா?

அடுத்து, தேசியக் கல்விக் கொள்கையே 6ஆம் வகுப்புக்கு முன் கோடிங் வேண்டாம் என்கிறதே என்று கொள்கையைச் சாட்சிக்கு இழுக்கிறார். 2020 கொள்கையின் 4.25ஆம் பத்தி, நடுநிலை வகுப்புகளில் கோடிங் செயல்பாடுகள் அறிமுகமாகும் என்கிறது. உண்மைதான். அதற்கு முந்தைய வரி என்ன சொல்கிறது? கணிதத்துக்கும் கணிமைச் சிந்தனைக்கும் அடிப்படை நிலையிலிருந்தே, புதிர்கள், விளையாட்டுகள் வழியாக அழுத்தம் தர வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையோடு சண்டை போட நமக்கு ஆயிரம் காரணம் உண்டு. சாட்சிக்கு இழுப்பவர் மட்டும் ஒரு வரி மேலே போய்ப் படித்திருக்கலாம்.

பிறகு குழந்தை உளவியல். இந்த வயதில் அருவமான சிந்தனை வராது என்று உளவியலாளர் பியாஜேயைத் துணைக்கு அழைக்கிறார். ஜெனீவாவில் அதே பியாஜேயோடு வேலை செய்துவிட்டு வந்தவர்தான் சீமோர் பேப்பர்ட். 1967இல் குழந்தைகளுக்கென்றே ‘லோகோ’ என்ற நிரல்மொழியை உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். அருவமானது பிடிபடாது என்பது தெரிந்துதான், கட்டளைக்கு நடந்து கோடு போடும் ஆமையைக் குழந்தையின் கையில் கொடுத்தார்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று மனப்பாடம் செய்த பிள்ளை, ஆமையையும் 60 பாகை திரும்பச் சொல்கிறது. மூன்று பக்கம் போட்டும் முக்கோணம் மூடவில்லை. பாதி அறுகோணம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பிள்ளை எழுந்து, தானே ஆமையாகித் தரையில் நடந்து திரும்பிப் பார்க்கிறது. திரும்ப வேண்டியது 120 என்று அதன் காலுக்குத் தெரிகிறது. கணக்குப் பாடத்தின் நேரத்தைக் கணினி தின்றுவிடும் என்று அவர் கவலைப்படுகிறாரே, இது எந்தப் பாடம் என்று அவரே சொல்லட்டும்.

பிஞ்சுகளைத் திரைக்கு முன் உட்கார வைக்கிறார்கள் என்ற புலம்பலுக்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருக்கிறார். நியூசிலாந்தின் டிம் பெல்லும் சகாக்களும் 1990களிலேயே கணினியைத் தொடாமல் கணினியியல் சொல்லித்தரும் முறையை வகுத்துவிட்டார்கள். ஐந்து அட்டைகள், அவற்றில் 16, 8, 4, 2, 1 எனப் புள்ளிகள். ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொன்றைப் பிடித்து வரிசையில் நிற்கிறார்கள். வகுப்பு ஓர் எண்ணைச் சொன்னதும் வேண்டிய அட்டைகள் மட்டும் முகம் காட்டும், மற்றவை கவிழும். 13 என்றால் 8, 4, 1. இப்படி 31 வரை தாராளமாகப் போகலாம். 32 என்றதும் வரிசை திணறும். ஆறாவது ஆள் வேண்டும், அவர் அட்டையில் எத்தனை புள்ளி என்று கூச்சல் கிளம்பும். இரும எண் முறை வகுப்புக்குள் வந்துவிட்டது. செலவு, கொஞ்சம் அட்டையும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும். திரை எங்கே?

இங்கிலாந்து தோற்றுவிட்டது என்பது அவர் கையில் கடைசித் துருப்பு. அங்கே 2014 செப்டம்பரில் 5 வயதிலிருந்தே கணிமை கட்டாயப் பாடமானது. பல பள்ளிகள் தடுமாறியதும் நிஜம். தடுமாறியது பிள்ளைகளா? போதிய பயிற்சி இல்லாமல் வகுப்புக்குள் தள்ளப்பட்ட ஆசிரியர்கள். அரசு பாடத்தை எடுத்துவிடவில்லை. 8 கோடியே 40 லட்சம் பவுண்டை ஒதுக்கி, ஆசிரியர் பயிற்சிக்கென 2018இல் தேசிய மையம் அமைத்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால், 1ஆம் வகுப்பு முதல் 4ஆம் வகுப்பு வரை ‘களிப்பெட்டி’ என்று கணினிக்குப் பாடநூல் இருக்கிறது. ஓடுவது கட்டற்ற மென்பொருளில். லண்டன் வரை கண் போனவருக்குக் கேரளம் தெரியவில்லை.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும்போது பிள்ளை எதற்கு எழுத வேண்டும் என்றும் கேட்கிறார். அது கட்டுரையும் எழுதுகிறது. அவர் ஏன் மெனக்கெட்டார்?

அவர் சொன்னதில் கனமான கேள்வி ஒன்றே ஒன்று: இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கும் பள்ளியில் இதை யார் நடத்துவது? சரியான கேள்வி. இதற்குப் பதில், கூடுதல் ஆசிரியரையும் பயிற்சியையும் கேட்டு அரசின் சட்டையைப் பிடிப்பது. அவரோ அரசை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் திரும்பி, முதலில் தமிழை எழுத்துக்கூட்டிப் படி, மற்றதெல்லாம் பிறகு என்கிறார். ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரித்துத் தமிழில் எழுதி, பக்கத்துப் பிள்ளை அதை வாசித்துச் செய்துகாட்டி, எங்கே பிசகியது என்று இருவரும் தேடித் திருத்தினால், அது வாசிப்புப் பயிற்சி இல்லையா?

அவர் கட்டுரையைப் படித்துவிட்டு எந்தத் தனியார் பள்ளியும் ரோபோட்டிக்ஸ் கட்டணத்தைக் குறைக்கப் போவதில்லை. எந்த அபார்ட்மென்ட் குழந்தையும் சனிக்கிழமை கோடிங் வகுப்பிலிருந்து நிற்கப் போவதில்லை. பணம் இருப்பவர்கள் அவரிடம் யோசனை கேட்கவில்லை. அவர் பேச்சு எடுபடக்கூடிய ஒரே இடம், கட்டணம் கேட்காத அரசுப் பள்ளி. அந்த ஒரு கதவை மட்டும் சாத்திவிட்டு, அதற்குக் குழந்தைகள் மீதான அக்கறை என்று பெயர் வைக்க வேண்டாம்.