சிவில் வகுப்பறையைப் பூட்டும் முன்

பொறியியல் கலந்தாய்வில் இன்று போட்டியெல்லாம் கணினி அறிவியலுக்கும் அதை ஒட்டிய செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் பிரிவுகளுக்கும்தான். ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் இருக்கலாம் என்ற உச்சவரம்பை, தரமான கல்லூரிகளுக்கு 2024-25 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நீக்கிவிட்டது. கணினி இடங்கள் பெருகுகின்றன. பல கல்லூரிகளில் சிவில், மெக்கானிக்கல் இடங்கள் குறைகின்றன, சிலவற்றில் அந்தத் துறைகளே மூடப்படுகின்றன. மாணவர் கேட்பதைக் கல்லூரி கொடுக்கிறது, இதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஆயிரக்கணக்கில் ஆளெடுக்கும் ஐடி நிறுவனங்கள் வளாகத் தேர்வில் பெரும்பாலும் பிரிவைப் பார்ப்பதில்லை. மதிப்பெண், அரியர் இல்லாமை, ஆப்டிடியூட் தேர்வு, நேர்காணல் ஆகியவற்றைப் பார்க்கின்றன. எடுத்த பிறகு தாமே பயிற்சி கொடுக்கின்றன. மெக்கானிக்கல் படித்தவருக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. கணினி படித்தவரோ நெடுஞ்சாலைத் துறையின் சிவில் உதவிப் பொறியாளர் தேர்வுக்கு விண்ணப்பிக்கக்கூட முடியாது. பதினேழு வயதில் பாதுகாப்பானது என்று நம்பித் தேர்ந்தெடுக்கும் படிப்பு, உண்மையில் வழிகளைக் குறைத்துவிடுகிறது.

இழப்பு மாணவருடையது மட்டுமல்ல. சிவில் ஆய்வகத்தில் முப்பது சென்டிமீட்டர் உயர இரும்புக் கூம்பு ஒன்று இருக்கும். அதில் கான்கிரீட் கலவையை அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை நேராக மேலே தூக்க வேண்டும். கலவை எவ்வளவு அமிழ்கிறது என்பதை வைத்து அதன் இளக்கத்தைக் கணிப்பார்கள். அதே கலவையில் 15 சென்டிமீட்டர் கனசதுரங்களை வார்த்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். கலவையில் தண்ணீர் கூடிவிட்டதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கும் பொறியாளர் இந்தப் பழக்கத்தில்தான் உருவாகிறார். துறையை மூடும்போது இயந்திரத்தை விற்றுவிடலாம், ஆசிரியரை அனுப்பிவிடலாம். திரும்பவும் தேவைப்படும்போது அனுபவமுள்ள ஆசிரியரை ஒரே கல்வியாண்டில் கொண்டுவர முடியாது. சென்னையில் 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கிறது. சுரங்கம், தூண், மழைநீர் வடிகால், பாதாளச் சாக்கடை என ஒவ்வொன்றுக்கும் மேற்பார்வைக்குப் படித்த ஆள் வேண்டும். கட்டி முடித்தவற்றைப் பராமரிக்கும் வேலை பல தலைமுறைகளுக்கு நீடிக்கும்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் வலுவானது சம்பளம். கட்டுமானத் தளத்திலும் தொழிற்சாலையிலும் தொடக்க ஊதியம் குறைவு, வேலை நேரம் அதிகம், பல இடங்களில் ஒப்பந்தப் பணிதான். 2019-இல் திருத்திய விதிகள் பட்டதாரி அப்ரண்டிஸுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். கல்விக் கடன் வாங்கிய குடும்பம் இதைப் பார்த்துத் தயங்குவது முற்றிலும் நியாயம். அவர்களுக்கு நாட்டுநலன் பற்றி உபதேசம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெரிய ஐடி நிறுவனங்கள் புதியவர்களுக்குக் கொடுக்கும் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. விலைவாசியோடு ஒப்பிட்டால் அது குறைந்துவிட்டது. எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கும்போது சம்பளத்தைக் கூட்ட நிறுவனத்துக்கு என்ன அவசியம் இருக்கிறது? எளிய நிரல்களை எழுதுவதை மென்பொருளே கற்றுக்கொண்டுவிட்ட காலம் வேறு இது. இன்று சேர்பவர் வெளியே வர நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால், இன்றைய ஆளெடுப்பை வைத்து அன்றைய சந்தையைக் கணிப்பது ஆபத்தானது.

ஆகவே சரிசெய்ய வேண்டியது பெற்றோரின் மனதை அல்ல, விதிகளையும் ஊதியத்தையும். கணினி இடங்களைக் கூட்டக் கேட்கும் கல்லூரி, நடத்திவரும் அடிப்படைத் துறை ஒன்றை மூடக் கூடாது என்று நிபந்தனை வைக்கலாம். மெக்கானிக்கல் மாணவர் நிரலாக்கத்தைத் துணைப் பாடமாக (மைனர்) படிக்க இருக்கும் வழியைக் கலந்தாய்வு நேரத்திலேயே குடும்பங்களுக்கு விளக்க வேண்டும். அரசு ஒப்பந்தம் பெறும் கட்டுமான நிறுவனங்கள், தளத்தில் வைத்திருக்கும் பொறியாளருக்குத் தர வேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்தை ஒப்பந்தப் புள்ளியிலேயே அரசு எழுதிவிடலாம். பாலம் கட்டச் செலவிடும் தொகையில் அந்தச் சம்பளம் மிகச் சிறிய பங்குதான்.