ஈறையும் பாருங்கள்



சர்க்கரை நோய் என்றதும் கண், சிறுநீரகம், கால் புண் பற்றியெல்லாம் பேசுகிறோம். ஈறு மட்டும் விட்டுப்போகிறது. பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் உடம்புச் சூடு என்று கடந்துவிடுகிறார்கள். சிலர் ரத்தத்துக்குப் பயந்து அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் நோய் வளரவே செய்யும்.

பல்லில் படியும் கிருமிப் படலம் நாளடைவில் இறுகிக் காரையாகிறது. அதை எந்தப் பற்பசையும் கரைக்காது. பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் ஈறு பல்லை விட்டு விலகும், தாங்கும் எலும்பும் கரையும். பெரும்பாலும் வலியே இல்லாமல் நடப்பதுதான் இதன் கொடுமை. புகைப்பவர்களுக்கு ரத்தக் கசிவுகூடக் குறைவாகவே தெரியும். காரை எடுத்தால் பல் ஆடிவிடும் என்ற பயமும் வேண்டாம். ஆட வைப்பது நோய்தான்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றுகிறது. ஈறில் நீடிக்கும் அழற்சி, திரும்பச் சர்க்கரையை ஏற்றுகிறது. ஈறுக்குச் சிகிச்சை பெற்றபின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மாத்திரையும் பத்தியமும் இருந்தும் சர்க்கரை இறங்காதவர்கள் வாயையும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் சர்க்கரை நோயாளிகளின் வீடு தேடி வந்து மாத்திரை தருகிறார்கள். அந்த ஊழியர்கள் ஈறில் ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா என்றும் கேட்டு, தேவைப்படுவோரை அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும். சுகாதாரத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், தஞ்சாவூர்