சலுகையைப் பறித்தது யார்? அபராதம் கட்டுவது யார்?

 

எழிலகத்துக்கு மனு கொண்டு போகிறவர்கள், வள்ளுவர் கோட்டத்தில் கொடி பிடிக்கப் போகிறவர்கள், அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு வீட்டு ஆளைக் கூட்டிப் போகிறவர்கள் எல்லாரும் எழும்பூரிலோ மாம்பலத்திலோதான் இறங்குகிறோம். வெளியே வரும் வழியில் டி.டி.ஆர். நிற்கிறார். டிக்கெட்டை நீட்டினால், "இந்தச் சலுகை உங்களுக்குச் செல்லாது பெரியவரே, ஓரமா நில்லுங்க" என்கிறார். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருக்கிறது. ஆனாலும் வித்தவுட்டில் வந்தவன் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். கிளைக் கூட்டங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி வருவதால்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் பறிபோனதைப் பார்ப்போம். வேளாண் கண்காட்சிக்குப் போகிற விவசாயிக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 25 சதவீதச் சலுகை இருந்தது. தேசிய அளவிலான நிறுவனங்களுக்குப் பயிற்சிக்குப் போகிற விவசாயிக்கும் பால் உற்பத்தியாளருக்கும் 50 சதவீதம். 60 வயது ஆணுக்கு 40, 58 வயதுப் பெண்ணுக்கு 50. கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச் 20 முதல் இவ்வளவையும் நிறுத்தினார்கள். மாணவர், மாற்றுத்திறனாளிகளில் 4 பிரிவினர், நோயாளிகளில் 11 பிரிவினர், இவர்களுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். கொரோனா போய்விட்டது, ரயில் பழையபடி ஓடுகிறது. போன சலுகை மட்டும் திரும்பவில்லை!

கேட்டதற்கு, 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம், எல்லாருக்கும் சலுகை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று ரயில்வே அமைச்சர் 2024-இல் நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார். ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலுமாவது முதியோர் சலுகையைத் திரும்பக் கொடுப்பது பற்றிப் பரிசீலியுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே சொல்லிப் பார்த்தது. 5 ஆண்டுகளில் முதியோரிடமிருந்து கூடுதலாக வந்தது 8,913 கோடி ரூபாய் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய கணக்கு சொல்கிறது. அதில் நம்ம ஊர்க் கிழவன் கிழவி கொடுத்த காசும் இருக்கிறது.

மிச்சம் இருக்கிற சலுகையிலாவது நிம்மதியாகப் போக முடிகிறதா? கேன்சர் நோயாளி சிகிச்சைக்குப் போக ஸ்லீப்பரில் கட்டணமே கிடையாது. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரி தரும் சான்றிதழைக் கவுண்டரில் காட்டி வாங்க வேண்டும். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் துணையாள் சலுகை நோயாளியோடு சேர்ந்து போனால்தான்.

நம்ம சங்க உறுப்பினர் ஒருவரின் மனைவிக்குச் சென்னையில் கரண்ட் வைத்தியம் நடந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்துத் திரும்பி வர டிக்கெட் போட்டிருந்தார். வைத்தியம் ஒரு வாரம் தள்ளிப்போனது. ஊரில் அறுப்பு மிஷின் வந்து நிற்கிறது, மழை வேறு மிரட்டுகிறது. மனைவியை மகளிடம் விட்டுவிட்டு அதே டிக்கெட்டில் இவர் மட்டும் ஏறினார். பரிசோதகர் பிடித்தார். முழுக் கட்டணம், அதன் மேல் அதே அளவு அபராதம். கையில் இருந்தது பத்தாமல் பக்கத்து சீட்டுக்காரரிடம் கடன். "நான் யாரை ஏமாத்தினேன்?" என்று சங்க ஆபீசில் வந்து கேட்டார். யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் சட்டத்துக்கு அறுப்பு மிஷினும் தெரியாது, மழையும் தெரியாது.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறோம். அடுத்தவன் ஊனமுற்றோர் பாஸை வாங்கிக்கொண்டு போவது, படிப்பு முடித்த பையன் மாணவர் சீசனில் போவது, மீசை முளைத்தவனுக்கு அரை டிக்கெட் எடுப்பது, இதற்கெல்லாம் சங்கம் பரிந்து பேச வராது. நாலு பேர் இப்படிச் செய்வதால்தான் நிஜமான நோயாளியைக் கூடச் சந்தேகத்தோடு பார்க்கிறான். மோசடி நோக்கம் என்று முடிவு கட்டினால் 1989 ரயில்வே சட்டம் 137-ஆவது பிரிவு. அதில் 6 மாதம் வரை சிறை எழுதியிருக்கிறது.

தெரியாமல் மாட்டுகிறவர் விஷயம் வேறு. அதற்கு 138-ஆவது பிரிவு: பயணக் கட்டணம், அதன் மேல் அதே தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. 50 ஆக இருந்ததை 2004-இல் 250 ஆக்கினார்கள். எழும்பூர் வரை எடுத்த டிக்கெட் மயிலாப்பூர், கஸ்தூரிபா நகர் போகிற பறக்கும் ரயிலுக்குச் செல்லாது. அஞ்சு ரூபாய் லோக்கல் டிக்கெட் எடுக்காமல் 250-க்கு மேல் அழுதவர்கள் நம்மில் எத்தனை பேர்!

மாட்டிக்கொண்டால் ஓட வேண்டாம், வாய்ச்சண்டை வேண்டாம், கையில் நோட்டைத் திணிக்கவும் வேண்டாம். எந்த விதிப்படி செல்லாது என்று கேளுங்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் காட்டுங்கள், மனசு இரங்கினாலும் இரங்கலாம். டிக்கெட்டில் கோளாறு என்று ஏறும் முன்பே தெரிந்தால் கார்டிடமோ டி.டி.ஆரிடமோ சொல்லி அனுமதிச் சீட்டு வாங்குங்கள். 55-ஆவது பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது. அந்தச் சீட்டு இருந்தால் கட்டணம் மட்டும்தான், அபராதம் கிடையாது. பிடிபட்ட பிறகு சொன்னால் எடுபடாது.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. பணம் கட்ட வழியில்லை என்றாலும், ஆண் துணை இல்லாமல் வரும் பெண்ணை ராத்திரியில் இறக்கிவிட முடியாது. பகலிலும் ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், வண்டி கடைசியாகப் போய் நிற்கும் இடம், மாவட்டத் தலைநகர், இவற்றில்தான் இறக்கலாம். 139-ஆவது பிரிவு. எண்ணை மனப்பாடம் பண்ணி வையுங்கள்.

மத்திய அரசிடம் நாம் கேட்பது பிச்சை அல்ல. விவசாயி சலுகையையும் முதியோர் சலுகையையும் திரும்பக் கொடு! நோயாளியைச் சிகிச்சையில் விட்டுவிட்டு ஊர் திரும்பும் துணையாளுக்கு, ஆஸ்பத்திரிக் கடிதத்தின் பேரில் தனியாகப் போகவும் சலுகை கொடு! எந்தச் சலுகை உண்டு, எது இல்லை என்று எழும்பூர், மாம்பலம், மயிலாப்பூர் கவுண்டர்களில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வை!

இந்தத் துண்டறிக்கையோடு மனுப் படிவமும் வருகிறது. கையெழுத்தோ கைநாட்டோ போட்டுக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அபராத ரசீது வைத்திருப்பவர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு குத்திக் கொடுங்கள், அசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தெற்கு ரயில்வே பொது மேலாளர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம். அன்றைக்குச் சென்னைக்கு வருகிற எல்லாரும் முழு டிக்கெட் எடுத்தே வர வேண்டும்.