பெரிய எழுத்து, சின்ன எழுத்து

நேரலையில் ஐந்து நொடி மௌனம் எவ்வளவு நீளம் என்று எந்த அறிவிப்பாளரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நேயர் தொலைபேசியில் காத்திருக்கிறார். படத்தின் பெயரைத் தட்டியாகிவிட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "சொல்லுங்கம்மா, வீட்ல எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்று பேச்சை இழுக்க வேண்டியதுதான்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிலையத்தில் பாட்டுப் பட்டியல் ஆங்கில எழுத்தில் இருந்தது. ஒருவர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்திருப்பார். இன்னொருவர் முதல் எழுத்தை மட்டும். மூன்றாமவர் ஷிப்ட் விசையைத் தொட்டதே கிடையாது. அதனால் மென்பொருளை எழுதியவர், 'பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, பார்க்காமல் தேடு' என்று கட்டளை போட்டு வைத்திருந்தார். நல்ல எண்ணம்தான். தாமதத்துக்குக் காரணமும் அதேதான்.

நமக்குப் பெரிய 'ஏ'யும் சின்ன 'ஏ'யும் ஒரே எழுத்து. கணினிக்கு அப்படி இல்லை. ஒன்றின் எண் 65, மற்றதன் எண் 97. எண் வரிசைப்படி அடுக்கினால், பெரிய 'இஸட்'டில் தொடங்கும் பெயர்கூடச் சின்ன 'ஏ'யில் தொடங்கும் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும்.

இனி தேடும் விதம். தரவுத்தளம் வேகமாகத் தேடுவதற்கு இண்டெக்ஸ் என்று ஒன்று வைத்திருக்கும். அகராதி மாதிரி வரிசைப்படுத்திய பட்டியல் அது. ஒரு லட்சம் பெயர் இருந்தாலும், பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் 17 முறை பார்த்தால் போதும், வேண்டியது கிடைத்துவிடும். ஆனால் 'எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக மாற்றி ஒப்பிடு' என்று சொன்ன மறுநொடி அந்த வரிசை பயன்படாமல் போய்விடுகிறது. மாற்றிய பெயர்கள் எந்த வரிசையிலும் இல்லையே! எனவே தரவுத்தளம் இண்டெக்ஸை ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒவ்வொன்றாக எடுத்து, மாற்றி, ஒப்பிட்டுப் பார்க்கிறது. 17 முறைக்குப் பதில் ஒரு லட்சம் முறை.

மென்பொருளை விற்க வந்தவர் காட்டியபோது மட்டும் எப்படிப் பறந்தது என்கிறீர்களா? அன்றைக்குப் பட்டியலில் ஐந்நூறு வரிதான் இருந்திருக்கும்.

இதற்கு மருந்து பெரிய செலவில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில், சின்ன எழுத்தாக மாற்றிய வடிவத்துக்கே தனி இண்டெக்ஸ் போடலாம். ஒரே ஒரு வரிக் கட்டளை. மைஎஸ்கியூஎல்லில் அதுகூடத் தேவையில்லை. வழக்கமான அமைப்பிலேயே அது பெரிது சிறிது பார்ப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் பழக்கதோஷத்தில் 'சின்ன எழுத்தாக மாற்று' என்று எழுதி, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இண்டெக்ஸைக் கெடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெயரின் நடுவிலுள்ள துண்டைக் கொடுத்துத் தேடினால் மட்டும் கதை வேறு. அகராதியை வைத்துக்கொண்டு 'மலர்' என்று முடியும் சொல்லையெல்லாம் தேடுவது போலத்தான். அதற்கு, பெயரை மும்மூன்று எழுத்துத் துண்டுகளாக நறுக்கி வைக்கும் இண்டெக்ஸ் வேண்டும். இடம் கொஞ்சம் பிடிக்கும், புதிய பதிவுகளும் சற்று மெதுவாக ஏறும்.

கடையோ கிளினிக்கோ டியூஷன் மையமோ நடத்துபவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தேடல் மெதுவாகிறது என்று சொன்னால் பலர் தரும் முதல் பதில், 'பெரிய செர்வர் வாங்குங்கள்' என்பதுதான். பணத்தைக் கொடுக்கும் முன் இண்டெக்ஸ் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், எனக்கென்னவோ வேறு ஆளைப் பார்ப்பதே மேல்.

கிளினிக் விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. பெயர் திரையில் வரவில்லை, பின்னால் வரிசை நீள்கிறது. முகப்பில் இருப்பவர் என்ன செய்வார்? புதுப் பதிவு ஒன்றைத் திறந்துவிடுவார். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு பழைய பதிவிலேயே கிடக்கும். டாக்டர் கையில் இருப்பதோ புதியது. அடையாள அட்டை எண்ணைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். எண்ணில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. அதோடு நம் பெயர்களின் ஸ்பெல்லிங் தொல்லையும் தீரும். லட்சுமியை ஆங்கிலத்தில் 'லக்ஷ்மி' என்றும் எழுதுகிறோம், 'லெட்சுமி' என்றும் எழுதுகிறோம். ஒலியை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் என்ற பழைய முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்றது. ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்தது. அதில் லக்ஷ்மிக்கு எல் 250, லெட்சுமிக்கு எல் 325. நம் வீட்டில் ஒருவர், அங்கே இரண்டு பேர்.

தமிழில்தான் பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லையே, தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். 'கோ' என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். அல்லது இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினி அப்படியே ஒப்பிட்டால் வேறு வேறு. இதைச் சரிசெய்ய என்எஃப்சி என்றொரு விதி இருக்கிறது, சேமிக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிடும். அதைச் செய்யாத பட்டியலில் 'கோலாலம்பூர்' என்று தேடினால், ஒரு விதமாகச் சேமித்த கோலாலம்பூர் மட்டும்தான் வரும்.