பொது இடங்களில் செல்போன் சார்ஜ்: எச்சரிக்கைகள் ஏராளம், ஆபத்து எங்கே?

புதுடெல்லி: விமானம் தாமதம். செல்போனில் மீதமிருப்பது 4 சதவீத சார்ஜ். இருக்கையின் கைப்பிடியில் ஒரு யுஎஸ்பி துளை கண்ணில் படுகிறது. அதில் கேபிளைச் செருகலாமா, கூடாதா?

கூடாது என்பதே அரசு அமைப்புகள் சில ஆண்டுகளாகக் கூறிவரும் பதில். பாரத ஸ்டேட் வங்கி 2019 டிசம்பரில் தனது வாடிக்கையாளர்களை இது குறித்து எச்சரித்தது. நிதி மோசடிகள் பற்றி 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கையேட்டிலும் 'ஜூஸ் ஜாக்கிங்' இடம்பெற்றது. விமான நிலையம், உணவகம், பேருந்து நிலையம் ஆகியவற்றில் உள்ள சார்ஜிங் வசதிகளைத் தவிர்க்குமாறு 2024 மார்ச்சில் மத்திய அரசும் அறிவுறுத்தியது.

அச்சத்துக்கான அடிப்படை எளிமையானது. வழக்கமான யுஎஸ்பி கேபிளுக்குள் இருக்கும் நான்கு கம்பிகளில் இரண்டு மின்சாரத்துக்கானவை. மற்ற இரண்டும் தகவல் பரிமாற்றத்துக்கானவை. துளைக்குப் பின்னால் இருப்பது வெறும் மின் இணைப்பா, மறைத்து வைக்கப்பட்ட கணினியா என்பதை வெளியிலிருந்து அறிய முடியாது.

இதை முதலில் மேடையேற்றியவர்கள் குற்றவாளிகள் அல்லர். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 2011இல் நடந்த டெஃப்கான் மாநாட்டில், பாதுகாப்பு ஆய்வாளர்கள் இலவச சார்ஜிங் மேடை ஒன்றை அமைத்தனர். செல்போனைச் செருகியவுடன் திரையில் எச்சரிக்கை வாசகம் தோன்றும். கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் கூடிய அந்த இடத்தில், 360க்கும் மேற்பட்டோர் தங்கள் செல்போன்களை அதில் செருகினர். செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் இதற்குச் சூட்டிய பெயர்தான் ஜூஸ் ஜாக்கிங்.

பெயர் பரவிய வேகத்தில் வழக்குகள் பெருகவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2019இல் பயணிகளை எச்சரித்தபோது, தன்னிடம் இத்தகைய வழக்கு எதுவும் பதிவாகவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டது. எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட எச்சரிக்கை உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. அது வழக்கமான விழிப்புணர்வுப் பதிவு என்றும், குறிப்பிட்ட சம்பவம் எதுவும் காரணமில்லை என்றும் பின்னர் தெரியவந்தது. ஒரு துறையின் எச்சரிக்கையை மற்றொரு துறை எடுத்துரைக்க, அதை ஊடகங்கள் புதிய செய்தியாக வெளியிட்டன. இதில் நம்மைப் போன்ற செய்தித் தளங்களுக்கும் பங்கு உண்டு.

இதற்கிடையே செல்போன்களும் மாறின. சார்ஜர் போலத் தோன்றும் சிறு கணினி மூலம் ஐபோனில் ஒரு நிமிடத்துக்குள் தீய செயலியை நிறுவ முடியும் என்று ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினர். அதே ஆண்டு, 'இந்தக் கணினியை நம்பலாமா' என்று பயனரிடம் கேட்கும் முறையை ஆப்பிள் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டும் 2015 முதல் இயல்பு நிலையில் சார்ஜ் மட்டுமே ஏற்கும் வகைக்கு மாறியது.

அத்துடன் விவகாரம் முடிந்திருந்தால் இந்த எச்சரிக்கைகளைப் பழங்கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால், ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் அந்தப் பூட்டையும் திறந்து காட்டினர். அவர்கள் வடிவமைத்த சார்ஜர், விசைப்பலகை போல நடித்து, அனுமதிக் கேள்விக்குத் தானே 'சரி' என்று பதிலளித்தது. எட்டு நிறுவனங்களின் கருவிகளில் இது சோதிக்கப்பட்டது. ஐஓஎஸ் 18.4, ஆண்ட்ராய்டு 15 ஆகியவற்றில் அனுமதி வழங்கக் கடவுச்சொல் அல்லது பின் எண்ணைக் கேட்கும் மாற்றம் செய்யப்பட்டது. இந்தியாவில் புழங்கும் பழைய, விலை குறைந்த ஆண்ட்ராய்டு செல்போன்களில் பலவற்றுக்கு இத்தகைய புதுப்பிப்புகள் வந்து சேர்வதே இல்லை. ஒரே துளையில் செருகும் இருவருக்கும் ஆபத்து ஒன்றல்ல; செல்போனின் வயதைப் பொறுத்து அது மாறுகிறது.

ஆய்வகத்துக்கு வெளியே யுஎஸ்பி வழியாக நிகழ்ந்த ஊடுருவலுக்கு உறுதியான சான்று செர்பியாவிலிருந்து கிடைத்துள்ளது. அங்கு போராட்டத்தில் ஈடுபட்ட மாணவர் ஒருவரின் பூட்டப்பட்ட ஆண்ட்ராய்டு செல்போன், செலிபிரைட் நிறுவனத்தின் கருவி மூலம் யுஎஸ்பி வழியாகத் திறக்கப்பட்டதாக ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2025 பிப்ரவரியில் வெளியிட்டது. அது நடந்தது விமான நிலையத்தில் அல்ல. செல்போன் காவல்துறையின் கையில் இருந்தபோது. பத்திரிகையாளர்களின் கருவிகளைக் கைப்பற்றுவதற்கு வழிகாட்டு நெறிமுறைகள் தேவை என்று நமது உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் மத்திய அரசிடம் கூறியதை இங்கு நினைவுகூரலாம். யுஎஸ்பி துளை குறித்த கவலை உண்மையில் அந்த விவாதத்துக்கே நெருக்கமானது.

பொதுமக்கள் பணத்தை இழக்கும் வழியோ வேறு. சைபர் மோசடிகளால் 2024இல் 22,845 கோடி ரூபாய் இழக்கப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 'டிஜிட்டல் கைது' மிரட்டலுக்கும், போலி முதலீட்டுச் செயலிக்கும், வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புக்கும் கேபிளே தேவையில்லை. எச்சரிக்கைக்கு மக்கள் தரும் கவனம் அளவற்றதல்ல. அதில் ஒரு பகுதியை ஜூஸ் ஜாக்கிங் எடுத்துக்கொள்வது பொருத்தமான பங்கீடாகத் தோன்றவில்லை.

அதிகம் பேசப்படாதது எதிர்த்திசை ஆபத்து. டிரிம்மர், மேசை விளக்கு, கையடக்க மின்விசிறி என எல்லாவற்றையும் அலுவலகக் கணினியில் செருகி சார்ஜ் செய்வது வழக்கமாகிவிட்டது. யுஎஸ்பி கருவியின் உள்மென்பொருளை மாற்றி, அதை விசைப்பலகையாக நடிக்க வைக்க முடியும் என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2014இலேயே நிரூபித்தனர். இத்தகைய கருவிகளைப் பரிசுப் பொருள் போல நிறுவனங்களுக்கு அஞ்சலில் அனுப்பிய கும்பல் குறித்து எஃப்பிஐ 2022இல் எச்சரித்தது. இங்கு ஆபத்து செல்போனுக்கு அல்ல, கணினிக்கு.

தற்காப்பு எளிது. சொந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகினால் அந்த வழியாகத் தகவல் கசியாது. ரயில் பெட்டியில் உள்ள சாதாரண பிளக்கும் அப்படியே. பவர் பேங்க் அல்லது தகவல் கம்பி இல்லாத, சார்ஜுக்கு மட்டுமான கேபிள் மற்றொரு வழி. பணம் பறிபோனால் உடனடியாக 1930 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.

டைப்-சி துளையைப் பொதுவான சார்ஜிங் துளையாக்கும் முயற்சியில், இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் அதற்கான தர அளவுகோலை வெளியிட்டது. மின்சாரமோ தகவலோ பாயும் முன், மறுமுனையில் இருக்கும் சார்ஜர் நம்பத்தக்கதா என்பதைக் கருவியே சரிபார்க்கும் தொழில்நுட்பமும் உள்ளது. சர்வதேச யுஎஸ்பி கூட்டமைப்பு அதை 2019 ஜனவரியில் செயல்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதைப் பின்பற்றுவது தயாரிப்பாளர்களின் விருப்பத்துக்கே விடப்பட்டது.