சூட்டில் காந்தம் சோர்வது ஏன்?

"வெப்பம் ஏறினால் காந்தத்தின் வலிமை குறையும்." நம்ம மெட்டீரியல்ஸ் பாடத்துல இந்த ஒரு வரியோட கடையைக் கட்டிடறாங்க. ரெண்டு மார்க்குக்கு அது போதும். மோட்டார் தொழிலுக்குப் போகப்போற நமக்குப் போதாது என்பது என் கட்சி.

நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தையே எடுத்துக்குங்க. அதன் கியூரி வெப்பநிலை சுமார் 312 டிகிரி செல்சியஸ். ஆனா சாதாரண ரகத்தை 80 டிகிரிக்கு மேல் ஓட்டாதே என்கிறார்கள். நடுவில் இவ்வளவு தூரம் ஏன்?

நியோடிமியத்தின் 4எஃப் எலக்ட்ரான் மேகம் உருண்டையாக இல்லை. அமுக்கிய பூசணிக்காய் மாதிரி. சுற்றியுள்ள அயனிகளின் மின்புலம் அதை ஒரே திசையில் பிடித்து நிறுத்துகிறது. அது எப்படித் திரும்பி நிற்கிறது என்பதைப் பொறுத்து ஆற்றல் மட்டங்கள் பிரிகின்றன. ஆனால் படிகத்தில் அணுக்கள் சும்மா நிற்குமா? ஆடிக்கொண்டே இருக்கும். அணு ஆடினால் மின்புலம் ஆடும், மட்டங்களும் அசையும். அந்த ஆட்டத்தின் ஆற்றல் இரண்டு மட்டங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியோடு பொருந்தினால், அதை வாங்கிக்கொண்டு எலக்ட்ரான்கள் மேலே ஏறும். சூடு ஏற ஏற மேல்மட்டத்தில் கூட்டம் சேரும், பிடி தளரும்.

தொழிற்சாலை கண்ட வைத்தியம், கொஞ்சம் டிஸ்ப்ரோசியம் சேர்ப்பது. பிடி இறுகும், ஆனால் அது இரும்புக்கு எதிர்த்திசையில் நிற்பதால் மொத்த வலிமை குறையும். விலையோ கேட்கவே வேண்டாம்! 2025 ஏப்ரலில் சீனா அதன் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றதும் பல கார் கம்பெனிகள் திணறின.

'இன்னும் கொஞ்சம் போடு' என்பதை விட, எந்த ஆட்டம் எந்த இடைவெளியில் பொருந்துகிறது என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். ஒற்றை மூலக்கூறு காந்தங்களில் அதைச் செய்து காட்டிவிட்டார்கள். டிஸ்ப்ரோசியத்தை இரண்டு கார்பன் வளையங்களுக்கு நடுவில் வைத்து, 2017-இல் 60 கெல்வின் வரை காந்தத் தயக்கம் கண்டார்கள். 2018-இல் 80 கெல்வின், அதாவது திரவ நைட்ரஜனின் கொதிநிலையைத் தாண்டியாச்சு! இதை வைத்து நாளைக்கே மோட்டார் செய்ய முடியாதுதான்.

நான் கேட்பது பெரிசா ஒண்ணுமில்லை. அந்த ஒரு வரிக்குப் பதில் ஒரு பக்கம். கூடவே லேபில் ஒரு காந்தத் தகட்டைக் கொதிநீரில் போட்டு, ஆறவிட்டு, காஸ்மீட்டரில் மறுபடி அளக்க ஒரு மணி நேரம்.