அளந்து பார்த்த பேராசிரியை

நியாயத்தைத் தராசில் நிறுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அதை அளவு நாடாவினால் அளந்து காட்டிய ஒரு பெண்மணி உண்டு. அமெரிக்காவில், எம்.ஐ.டி. என்று பிரசித்தி பெற்ற மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உயிரியல் பேராசிரியையாக இருந்த நான்ஸி ஹாப்கின்ஸ்தான் அவர்.

மீன்களைக் கொண்டு ஆராய்ச்சி நடத்திய அவருக்குத் தொட்டிகள் வைக்க 200 சதுர அடி இடம் வேண்டியிருந்தது. கேட்டார், கிடைக்கவில்லை. இரவு வேளையில் நாடாவும் கையுமாகப் புறப்பட்டு ஆய்வுக்கூடங்களை அளந்தார். தமக்குச் சமமான பதவியிலிருந்த ஆண்களைவிடத் தமக்கு இடம் வெகு குறைவு என்பது தெரிந்தது.

1994-ல் சக பேராசிரியைகளை அணுகினார். அப்போது விஞ்ஞானப் பிரிவில் நிரந்தரப் பதவி வகித்த ஆண்கள் 194 பேர். பெண்கள் 15 பேர்தான்! ஒவ்வொருவரும் குறையைத் தம் தலைவிதி என்றே எண்ணியிருந்தனர். ஒன்றுகூடிய பிறகுதான் அது எல்லோருக்கும் பொதுவான குறை என்பது விளங்கிற்று.

கமிட்டி அமைந்தது. சம்பளம், இடம், விருதுகள், வசதிகள் ஆகியவற்றில் வேற்றுமை உண்டு என்று 1999-ல் அறிக்கை வெளியாயிற்று. கழகத்தின் தலைவர் சார்ல்ஸ் வெஸ்ட் அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அது அவருக்குப் பெருமையே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெண்களை ஒடுக்க வேண்டுமென்று யாரும் சதி செய்யவில்லை. நல்லவர்களே, தம்மை அறியாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்தார்கள். இளம் பேராசிரியைகள் தங்களுக்குப் பாரபட்சம் நேராது என்று நம்பினார்கள். மூத்தவர்களும் இளமையில் அப்படி நம்பியவர்கள்தாம்!

பலன் என்ன? 2011-ல் வந்த மற்றோர் அறிக்கையின்படி, விஞ்ஞானம், பொறியியல் பிரிவுகளில் பெண்களின் தொகை பத்தாண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. புதிய தொல்லையும் முளைத்தது. ஒவ்வொரு கமிட்டியிலும் ஒரு பெண் இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தால், சில பெண்கள் மீதே வேலைச் சுமை ஏறியது. தகுதிக்காக அல்ல, சலுகையால் வந்தவர்கள் என்ற முணுமுணுப்பும் கேட்டது.

ஆகவே நல்லெண்ணம் மட்டும் போதாது, கணக்கு வேண்டும். நம் நாட்டிலும் 2020-ல் தொடங்கிய 'கதி' என்ற மத்திய அரசுத் திட்டம், விஞ்ஞான ஸ்தாபனங்கள் தங்களைத் தாங்களே சோதித்துப் பார்க்கும்படி கேட்டது. ஆனால் ஒரு நாள் பார்த்துவிட்டு மூடி வைப்பது கணக்கு ஆகுமா? வீட்டு வரவு செலவைப் போல, ஆண்டுதோறும் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். நாடாவைச் சுருட்டி வைத்த அன்றே பழைய கோணல் திரும்பிவிடும்.